வீட்டுக் கணினிக்கு எந்த ஆஃபீஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஆஃபீஸ் மென்பொருள் தேவைப்படுவது பெரும்பாலும் சில வேலைகளுக்குத்தான். வேலைக்கு ஒரு விண்ணப்பம், பிள்ளைகளின் ப்ராஜெக்ட், வரவு செலவுக் கணக்கு, எப்போதாவது ஒரு வாடகை ஒப்பந்தம் அல்லது குடியிருப்புச் சங்கத்தின் நோட்டீஸ். இதற்கு எவ்வளவு செலவழிக்கலாம், செலவே இல்லாமல் முடியுமா என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை. விண்டோஸ் கணினியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஆஃபீஸ் மென்பொருளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டியதில்லை. வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட் வேலைகளைச் செய்கிற லிப்ரே ஆஃபீஸ் தொகுப்பு முழுக்க இலவசம், சட்டப்படியும் இலவசம். அதைப் போட்டு ஒரு மாதம் புழங்கிப் பாருங்கள். எங்கேயாவது முட்டினால் அப்போது பணம் செலவழிப்பதைப் பற்றி யோசிக்கலாம். பணம் கொடுத்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. எக்ஸெல் மேக்ரோ (ஷீட்டுக்குள்ளேயே எழுதி வைத்து ஓட்டும் சிறு நிரல்) அதில் முக்கியமானது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஆனால் எதையும் இறக்குவதற்கு முன்னால், உங்கள் லேப்டாப்பிலேயே ஆஃபீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஒன்றைத் தெரியாமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

லேப்டாப்போடு ஆஃபீஸ் வருகிறது என்றார்கள். திறந்தால் சந்தா கட்டச் சொல்கிறதே?

இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்களில் 'ஆஃபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடென்ட் 2021' அல்லது 'ஆஃபீஸ் ஹோம் 2024' சேர்ந்தே வருகிறது. அதற்கான விலை லேப்டாப் விலையிலேயே அடங்கிவிட்டது. முதல்முறை வேர்டைத் திறந்து, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அதை அந்தக் கணக்கோடு இணைக்க வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு. அதனால் வாங்கிய வாரத்திலேயே முடித்துவிடுங்கள். கடைக்காரருடைய மின்னஞ்சலிலோ பக்கத்து வீட்டுத் தம்பியின் மின்னஞ்சலிலோ இணைத்துவிடாதீர்கள். பிறகு விண்டோஸை மறுபடி நிறுவ நேர்ந்தால் அந்தக் கணக்கு இல்லாமல் ஆஃபீஸைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

வேறு சில லேப்டாப்களில் இருப்பது மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவின் சோதனைப் பதிப்பு மட்டும். கொஞ்ச நாள் ஓடிவிட்டுக் காசு கேட்கும். எது வந்திருக்கிறது என்பதை பில்லில் பாருங்கள், அல்லது தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலில் பாருங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

கடையில் 'ஆஃபீஸ் ஃப்ரீயாப் போட்டுத் தர்றேன்' என்கிறார்களே?

அது கள்ளப் பதிப்பு. ஆக்டிவேட் செய்ய ஒரு சிறு நிரலை ஓட்டுவார்கள். அதற்காக வைரஸ் தடுப்பை நிறுத்தி வைக்கச் சொல்வதே போதுமான எச்சரிக்கை. நீங்கள் நெட் பேங்கிங் செய்கிற அதே கணினி அது.

சட்டமும் இருக்கிறது. கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. வியாபார லாபத்துக்காக இல்லாவிட்டால் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வீட்டுக்குப் போலீஸ் வரப்போவதில்லை, உண்மைதான். ஆனால் இலவசமாகவே நல்ல மாற்று இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு?

ஆன்லைனில் 500 ரூபாய்க்கு 'லைஃப்டைம் கீ' கிடைக்கிறதே, அது?

பெரும்பாலும் அது ஒரு நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ மொத்தமாகக் கொடுக்கப்பட்ட உரிமத்தின் சாவி. தனித்தனியாகப் பிரித்து விற்க அவர்களுக்கு உரிமை இல்லை. இன்று வேலை செய்யும். மைக்ரோசாஃப்ட் அந்தச் சாவியை முடக்கும் நாளில் நின்றுவிடும், விற்றவரைத் தேடினாலும் கிடைக்கமாட்டார். '365 லைஃப்டைம்' என்று விற்றால் சந்தேகமே வேண்டாம். 365 என்பது சந்தா, அதில் ஆயுட்காலம் என்று ஒன்று கிடையாது.

லிப்ரே ஆஃபீஸும் ஓப்பன் ஆஃபீஸும் ஒன்றுதானா?

ஒரே வேர், இரண்டு கிளை. ஜெர்மனியில் ஸ்டார் ஆஃபீஸ் என்று ஒன்று இருந்தது. அதை உருவாக்கிய நிறுவனத்தை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, அதன் மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் ஆஃபீஸ் ஆனது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனதும், உருவாக்குநர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் பிரிந்து 'தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பின் கீழ் லிப்ரே ஆஃபீஸைத் தொடங்கினார்கள். ஓப்பன் ஆஃபீஸை ஆரக்கிள் 2011இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது.

பெயர் பழக்கத்தில் இன்னும் ஓப்பன் ஆஃபீஸைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. வேண்டாம். 2014இல் 4.1 பதிப்பு வந்ததிலிருந்து சிறு சிறு திருத்தங்கள் மட்டும்தான் வருகின்றன. வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலைத் திறக்கும், ஆனால் அதே வடிவில் சேமிக்காது. இந்த ஒரு காரணமே போதும். லிப்ரே ஆஃபீஸ் திறக்கவும் செய்யும், சேமிக்கவும் செய்யும், ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகளும் வருகின்றன.

எங்கிருந்து இறக்குவது? தளத்தில் நன்கொடை கேட்கிறதே?

லிப்ரே ஆஃபீஸின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கிட்டத்தட்ட 350 எம்பி வரும். பொத்தானை அழுத்தியதும் நன்கொடைப் பக்கம் ஒன்று வரும். அது விருப்பம்தான், கட்டாவிட்டாலும் ஃபைல் இறங்கிக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இதே மென்பொருளுக்கு ஒரு சிறு கட்டணம் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தளத்தில் இருப்பது அதே பொருள்தான்.

மற்றவர்கள் அனுப்பும் வேர்டு ஃபைல் இதில் கலைந்து போகுமா?

சில சமயம் போகும். பெரும்பாலும் காரணம் எழுத்துரு. 2007 முதல் வேர்டின் வழக்கமான எழுத்துரு கேலிப்ரி. அது மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தம். அதனால் லிப்ரே ஆஃபீஸ், அதே அகல அளவுகள் கொண்ட கார்லிட்டோ என்ற எழுத்துருவைக் கூடவே கொண்டு வருகிறது. எழுத்தின் தோற்றம் லேசாக மாறினாலும் வரி உடைவதில்லை. டைம்ஸ் நியூ ரோமனுக்கும் ஏரியலுக்கும் லிபரேஷன் எழுத்துருக்கள் இப்படியே இருக்கின்றன. 2023இல் மைக்ரோசாஃப்ட் வழக்கமான எழுத்துருவை ஆப்டோஸ் என்று மாற்றியது. அதில் எழுதப்பட்ட புது ஃபைல்களில் வரிகள் இடம் மாறி, ஒரு பக்கத் தாள் ஒன்றேகால் பக்கம் ஆவதைப் பார்க்கலாம்.

சாதாரணக் கடிதம், அட்டவணை, ரெஸ்யூமே எல்லாம் தாக்குப்பிடிக்கும். உரைப் பெட்டிகளை அடுக்கி வடிவமைத்த வண்ண ரெஸ்யூமேவும், ஸ்மார்ட் ஆர்ட் என்கிற ஆயத்த வரைபடங்கள் நிறைந்த பவர்பாயிண்டும் ஆபத்தான ரகம். ஒரு ஃபைல் கோணலாகத் தெரிந்தால் மைக்ரோசாஃப்டின் இலவச இணையப் பதிப்பில் ஏற்றிப் பாருங்கள். அனுப்பியவர் பார்த்த தோற்றம் கிட்டத்தட்ட அப்படியே தெரியும்.

நீங்கள் அனுப்பும்போது ஒரே விதி: எதிராளி திருத்த வேண்டியதில்லை என்றால் பிடிஎஃப் அனுப்புங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுப்பதற்கும் பென் டிரைவில் பிடிஎஃப்தான் போக வேண்டும். அங்கே எந்த விண்டோஸ், எந்த வேர்டு, எந்தத் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று சொல்லவே முடியாது. நிர்மலா யுஐ என்கிற தமிழ் எழுத்துருவே விண்டோஸ் 8இலிருந்துதான் வந்தது. கடையில் விண்டோஸ் 7 ஓடினால் உங்கள் தாள் வேறு முகத்தோடு வெளியே வரும். பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது.

தமிழில் எழுத எது நல்லது?

முதலில், தட்டச்சு என்பது ஆஃபீஸ் மென்பொருளின் வேலை இல்லை, விண்டோஸின் வேலை. விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளிலும் 11இலும் தமிழ்99, ஒலிப்பெயர்ப்பு இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். பழைய கணினிகளில் என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். எல்லாமே இலவசம்.

லிப்ரே ஆஃபீஸில் தமிழுக்கு ஒரு தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. இது தெரியாமல் 'இதில் தமிழ் ஒழுங்காக வரவில்லை' என்று பலர் கைவிட்டிருக்கிறார்கள். அந்த மென்பொருள் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, இந்திய மொழிகளுக்கு ஒரு எழுத்துரு என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் என்று போய் மொழி அமைப்புகளில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்து, தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே ஆப்ஷன்ஸில் ரைட்டர் (லிப்ரே ஆஃபீஸில் வேர்டுக்கு இணையானது) பகுதியில் 'பேசிக் ஃபான்ட்ஸ், சிடிஎல்' என்று ஒரு பக்கம் வந்திருக்கும். அங்கே நிர்மலா யுஐ, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ், எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அதை வைத்து அளவையும் குறித்துவிடுங்கள். ஒருமுறை செய்தால் போதும். இதற்குப் பிறகு எழுதும் ஒவ்வொரு புது ஃபைலிலும் தமிழும் ஆங்கிலமும் நீங்கள் சொன்னபடி வரும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் தனிக் கதை. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் எந்த ஆஃபீஸில் திறந்தாலும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித்தான் தெரியும். காசு கொடுத்து வாங்கிய வேர்டிலும் இதே கதைதான். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால், எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் பாமினியில் புதிதாக எழுதுவதற்குக் காரணமே இல்லை.

எழுத்துப் பிழை திருத்துவதில் எந்தத் தொகுப்பையும் தமிழுக்கு முழுதாக நம்ப முடியாது. இணையத்தில் 'வாணி' எழுத்துப் பிழைக்கும், 'நாவி' சந்திப் பிழைக்கும் இருக்கின்றன. எழுதியதை அங்கே ஒட்டிப் பார்த்துவிட்டு வரலாம். தட்டச்சே சிரமம் என்கிற பெரியவர்களுக்கு கூகுள் டாக்ஸில் குரல் வழியாகத் தமிழில் எழுதும் வசதி உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்கு நீளமாகக் கடிதம் எழுத நினைக்கும் தாத்தாவுக்கு அது பெரிய உதவி.

எக்ஸெலுக்குப் பழகியவர்களுக்கு லிப்ரே ஆஃபீஸின் கால்க் சரிப்படுமா?

வீட்டுக் கணக்கு, சீட்டுக் கணக்கு, குடியிருப்புப் பராமரிப்புக் கணக்கு அளவில் தாராளமாக. கூட்டல், விலுக்அப், பிவட் டேபிள் எல்லாம் இருக்கிறது. எக்ஸ்லுக்அப்பும் ஃபில்டர் சார்பும் 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பிலிருந்து உண்டு. ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசைகள், எக்ஸெலில் உள்ளதே.

லட்சம், கோடி முறையில் கமா வர வேண்டுமென்றால் செல் வடிவத்தில் #,##,##0 என்று கொடுங்கள். எக்ஸெலில் இதற்கு விண்டோஸின் நாட்டு அமைப்பை 'இங்கிலீஷ், இந்தியா' என்று வைத்தாலே போதும்.

சிக்கல் வரும் இடம் மேக்ரோ. எக்ஸெலின் விபிஏ மேக்ரோக்களில் கொஞ்சம்தான் கால்க்கில் ஓடும். ஜிஎஸ்டி தளத்தின் ஆஃப்லைன் கருவிகளும், வருமான வரித் துறையின் எக்ஸெல் படிவங்களும் மைக்ரோசாஃப்ட் எக்ஸெலை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. வீட்டிலிருந்தே ஒரு சிறு கடைக்கோ ட்யூஷன் சென்டருக்கோ ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறீர்கள் என்றால் எக்ஸெலுக்குச் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். ஒன்றைக் கவனியுங்கள். 'ஹோம்' என்ற பெயரில் வரும் உரிமம் வீட்டு உபயோகத்துக்கு மட்டும். வியாபாரத்துக்கு 'ஹோம் அண்ட் பிசினஸ்' வாங்க வேண்டும்.

பள்ளியில் எம்எஸ் ஆஃபீஸ்தானே சொல்லித் தருவார்கள்? பிள்ளை பின்தங்கிவிடாதா?

பாடப்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல் ஓப்பன் ஆஃபீஸின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் மூன்றையும்தான் பாடமாக வைத்தது. சிபிஎஸ்இ 10ஆம் வகுப்பு ஐடி பாடத்திலும் லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. அதாவது பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வீட்டில் எம்எஸ் ஆஃபீஸ் வாங்கினால்தான் மெனு பொருந்தாமல் முழிக்க நேரிடும்.

தட்டச்சு நிலையத்தில் சிஓஏ என்கிற அலுவலகக் கணினிப் பயன்பாட்டுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் விஷயம் வேறு. அங்கே பழக்குவது பெரும்பாலும் வேர்டும் எக்ஸெலும். கல்லூரி மாணவர் என்றால் கல்லூரி மின்னஞ்சலில் மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

எதையும் நிறுவாமல் கூகுள் டாக்ஸை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன?

இணையம் நிலையாக இருக்கிற வீட்டில் பலருக்கு அதுவே போதும். நான்கு பேர் ஒரே ஃபைலில் சேர்ந்து எழுத வேண்டுமென்றால் இதை அடிக்க ஆளில்லை. கல்யாணச் செலவுக் கணக்கை அண்ணன் சென்னையிலும் அக்கா துபாயிலும் பார்த்துக்கொண்டே திருத்தலாம். இலவச இடம் 15 ஜிபி, ஆனால் அது ஜிமெயிலுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான். நிரம்பினால் மெயிலும் வராமல் நின்றுவிடும். இணையம் இல்லாதபோதும் வேலை செய்ய வேண்டுமென்றால் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். மின்சாரமும் வைஃபையும் போன பிறகு அதைத் தேடிப் பயனில்லை.

மைக்ரோசாஃப்டின் இலவச இணையப் பதிப்பில் 5 ஜிபி இடம்தான். ஆனால் வேர்டு ஃபைலை வேர்டாகவே பார்க்க அதுதான் வழி.

ஜோஹோ நம்ம ஊர் நிறுவனம்தானே, அது எப்படி?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை வரை அலுவலகம் வைத்திருக்கிற அதே ஜோஹோதான். அவர்களுடைய ரைட்டர் 2005இலேயே வந்துவிட்டது. ரைட்டர், ஷீட், ஷோ மூன்றும் தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தாம் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்த பிறகு பலர் இதைத் தேடத் தொடங்கினார்கள். ரைட்டரின் தோற்றம் எனக்கு கூகுள் டாக்ஸைவிடச் சுத்தமாகப் படுகிறது. ஊர்ப் பாசத்துக்காக மட்டும் எடுக்க வேண்டாம், நன்றாக இருப்பதற்காக எடுக்கலாம். இதுவும் அடிப்படையில் இணையத்தை நம்பியதுதான்.

டபிள்யூபிஎஸ், ஒன்லி ஆஃபீஸ், ஃப்ரீ ஆஃபீஸ்?

டபிள்யூபிஎஸ் சீனாவின் கிங்சாஃப்ட் தயாரிப்பு. எம்எஸ் ஆஃபீஸ் மாதிரியே இருக்கும், ஆனால் இலவசப் பதிப்பில் விளம்பரங்களும் 'இதற்குக் காசு' என்ற பூட்டுகளும் வந்துகொண்டே இருக்கும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஒன்லி ஆஃபீஸின் கணினிப் பதிப்பு இலவசம், திறமூலம். வேர்டு வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டதால் தோற்றம் கலைவது குறைவு. இந்திய எழுத்துகளை அமைப்பதில் அதன் பழைய பதிப்புகள் தடுமாறின. எனவே புதிய பதிப்பையே போட்டு, கொ, ஸ்ரீ, க்ஷ போன்றவற்றை அடித்து, பிடிஎஃப்பாகவும் மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஃப்ரீ ஆஃபீஸ் ஜெர்மனியின் சாஃப்ட்மேக்கர் தருவது, சின்னது, வேகமானது. மின்னஞ்சல் கொடுத்துப் பதிய வேண்டும்.

மைக்ரோசாஃப்ட்தான் வேண்டும் என்றால் சந்தாவா, ஒரே தடவை விலையா?

ஒருவர், ஒரு கணினி, வேர்டும் எக்ஸெலும் போதும் என்றால் ஒரே தடவை வாங்கும் ஆஃபீஸ் ஹோம் 2024. 2029 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். புது வசதிகள் வராது, அதனால் வீட்டில் ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டில் நான்கைந்து பேர், ஆளுக்கொரு கணினி, போன் புகைப்படங்களைப் பத்திரப்படுத்த இடமும் வேண்டும் என்றால் 365 ஃபேமிலி சந்தா கணக்குக்கு ஒத்துவரும். 6 பேர் வரை, ஆளுக்கு 1 டிபி. ஆனால் சந்தா முடிந்தால் வேர்டும் எக்ஸெலும் ஃபைலைக் காட்டும், பிரிண்ட் எடுக்கும், திருத்த விடாது. 2025இல் கோபைலட் என்கிற ஏஐ உதவியாளரைச் சேர்த்து விலையையும் ஏற்றினார்கள். குடும்பச் சந்தாவில் கோபைலட் கிடைப்பது சந்தா கட்டுகிறவருக்கு மட்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

பழைய ஆஃபீஸ் 2016 இருக்கிறது. தொடரலாமா?

2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. திறக்கும், ஓடும். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் மெயிலில் அனுப்பும் ஃபைலை அதில் திறக்காதீர்கள். 2021 வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் எது ஓடும்?

2011க்குப் பிறகு கொடுத்த இலவச மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை அவற்றில் உண்டு. பாஸ் என்பது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது. அதில் லிப்ரே ஆஃபீஸ் போன்ற இலவச ஆஃபீஸ் கூடவே இருக்கும். விண்டோஸ் 7இலேயே இருக்கிறீர்கள் என்றால் லிப்ரே ஆஃபீஸ் 25.8 அதில் ஏறாது, அதற்கு முந்தைய பதிப்பைத்தான் போட வேண்டும். இணையத்தோடு இணைத்துப் பயன்படுத்துவதாக இருந்தால், இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டு அதில் புதிய லிப்ரே ஆஃபீஸை வைப்பது நல்லது.

சரி, லிப்ரே ஆஃபீஸ் போட்டாகிவிட்டது. முதலில் எதை மாற்ற வேண்டும்?

வியூ மெனுவில் 'யூசர் இன்டர்ஃபேஸ்' போய் 'டேப்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வேர்டின் பட்டை போலவே தோற்றம் வரும். வீட்டில் முணுமுணுப்பு பாதி அடங்கிவிடும். அப்புறம் டூல்ஸ், ஆப்ஷன்ஸில் 'லோட்/சேவ்' பகுதியின் 'ஜெனரல்' பக்கத்துக்குப் போங்கள். ஃபைல்களைச் சேமிக்கும் வடிவத்தை வேர்டு, எக்ஸெல் என்று மாற்றலாம். அடிக்கடி வெளியே அனுப்புகிறவர்கள் மாற்றிவிடுங்கள். உங்களுக்காக மட்டும் எழுதுவது என்றால் லிப்ரே ஆஃபீஸின் சொந்த வடிவமான ஓடிடியே இருக்கட்டும், அது 2006 முதல் சர்வதேசத் தரம், வேர்டும் அதைத் திறக்கும். அதே பக்கத்தில் தானாகச் சேமிக்கும் இடைவெளி 10 நிமிடம் என்று இருக்கும். கரண்ட் போகிற ஊர் என்றால் 3 நிமிடமாகக் குறைத்து, 'பேக்கப் காப்பி' என்பதையும் டிக் செய்துவிடுங்கள்.